அமாக்சிசிலின் குடித்த ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் சிவப்பு: அலர்ஜிதானா, இனி அந்த மருந்தே கூடாதா?

கேள்வி இதுதான். ஏழு வயதுப் பையனுக்குக் காது வலியும் காய்ச்சலும் வந்து மருத்துவரிடம் காட்டியதில், அமாக்சிசிலின் (பெனிசிலின் குடும்பத்து ஆன்டிபயாடிக்) சிரப் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்கு நாள் எந்தத் தொந்தரவும் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் நெஞ்சிலும் முதுகிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள், மாலைக்குள் கை கால் வரை பரவிவிட்டன. காய்ச்சல் இல்லை, லேசான அரிப்பு, மற்றபடி ஓடி விளையாடுகிறான். அடுத்த வேளை மருந்து கொடுக்கலாமா, இது பெனிசிலின் அலர்ஜியா, பாட்டிக்கும் பெனிசிலின் ஆகாது என்பார்களே அது இவனுக்கும் வந்துவிட்டதா, இனி வாழ்நாள் முழுக்க இந்த மருந்தைத் தொடக் கூடாதா என்று அவனுடைய அம்மா கேட்டிருக்கிறார்.

முதலில் அவசரமான பதில். அடுத்த வேளை மருந்து கொடுக்குமுன் மருத்துவருக்குப் போன் செய்து பேசிவிடுங்கள், முடிந்தால் இன்றைக்கே நேரில் காட்டிவிடுங்கள். தோல் எப்படி இருக்கிறது என்பதை நல்ல வெளிச்சத்தில் நாலைந்து போட்டோ எடுத்து வையுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது உயிருக்கு ஆபத்தான வகை போலத் தெரியவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் தோலை எழுத்தில் படித்து யாராலும் முடிவு சொல்ல முடியாது, பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். நான் பல வருடமாக மருந்தாளுநர் வேலை பார்க்கிறேன், இதே கேள்வியோடு பதறிப்போய் வந்து நிற்கும் அம்மா அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் பார்க்கும்வரை நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும், எது வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது, எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதை எனக்குத் தெரிந்தவரை விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது "ஐந்தாம் நாள்" என்ற சொல். மருந்து கொடுத்து எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று தெரிந்தாலே பாதி விஷயம் தெளிவாகிவிடும், ஏனென்றால் உடனே வருவதும் நாள் கழித்து வருவதும் உடம்புக்குள் நடக்கும் வேறு வேறு காரியங்கள்.

உடனே வருவதை முதலில் பார்ப்போம், ஆபத்து அதில்தான். மருந்து உள்ளே போன சில நிமிடங்களிலிருந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் இது வந்துவிடும், சிலருக்கு இன்னும் சில மணி நேரம் தள்ளியும் வரலாம். இதற்கு முன்பு எப்போதோ பெனிசிலின் வகை மருந்து உடம்புக்குள் போனபோது, நம் எதிர்ப்பு சக்தி அதை எதிரி என்று தவறாக நினைத்து, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்திருக்கும். அது தோல், மூச்சுக்குழல், குடல் என்று எல்லா இடத்திலும் இருக்கிற மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்தமுறை அதே மருந்து வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினையும் இன்னும் சில ரசாயனங்களையும் ஒரேயடியாகக் கொட்டிவிடும். ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் தோல் தடிக்கும், உதடு வீங்கும். மூச்சுக்குழல் சுருங்குவதால் இழுப்பு வரும். ரத்த அழுத்தம் விழுவதால் தலை சுற்றும். இதனால்தான் "போன தடவை இதே மாத்திரை போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பதை முழுக் காப்பாக எடுத்துக்கொள்ள முடியாது, அந்தப் போன தடவைதான் சில நேரம் உடம்பு பழகிக்கொண்ட தடவையாக இருக்கும்.

இந்த வகையில் தோலில் வருவது பொட்டு அல்ல, தடிப்பு. கொசு கடித்தது போல மேடாக, நடுவில் வெளிறி ஓரம் சிவந்து, தாங்க முடியாத அரிப்போடு இருக்கும். பெரியவர்கள் காணாக்கடி என்று சொல்வது இதைத்தான். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வைத்தால், ஒரு நாளுக்குள் அந்த இடம் சுத்தமாகி வேறு இடத்தில் புதிதாகக் கிளம்பியிருக்கும். நாள் கழித்து வரும் பொட்டுகள் அப்படி இடம் மாறாது, அதே இடத்தில் சில நாள் இருந்து மெல்ல மங்கும். இந்தப் பேனாக் கோடு சாதாரணமாகத் தெரிந்தாலும் மருத்துவருக்கு ரொம்பவே உதவும். இன்னொன்று, மாநிறத்திலும் கருத்த தோலிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, அதனால் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரலால் தடவிப் பாருங்கள், மேடு பள்ளம் கையில் தெரியும்.

தடிப்பு மட்டும் வந்தாலே அந்த மருந்தை அதோடு நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். ஆனால் தோலோடு நிற்காமல் உள்ளே போனால் அதற்குப் பெயர் அனாஃபிலாக்சிஸ், அது முழு அவசரம். நாக்கோ தொண்டையோ வீங்குவது, குரல் திடீரென்று மாறிக் கரகரப்பது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, மூச்சு விடும்போது விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, முகம் வெளிறி வியர்த்துத் தலை சுற்றி விழுவது, சின்னக் குழந்தை என்றால் துவண்டு போய்த் தொங்குவது, இதில் ஒன்று வந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சில பேருக்கு உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லாமல் நேராக மூச்சுத் திணறலோ மயக்கமோ வரும். தோல் நன்றாக இருக்கிறது, அதனால் அலர்ஜி இல்லை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

அனாஃபிலாக்சிஸுக்கு மருந்து அட்ரினலின் ஊசிதான். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள், சில நிமிடத்தில் ரத்தக் குழாயை இறுக்கி மூச்சுக்குழலைத் திறந்துவிடும். வீட்டிலேயே அட்ரினலின் பேனா ஊசி வைத்திருக்கச் சொல்லப்பட்டவர்கள் தயங்காமல் போட்டுவிட்டு அப்புறம் போன் செய்யலாம். செட்டிரிசின் மாதிரி அரிப்பு மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும், மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் அது காப்பாற்றாது. ஆம்புலன்ஸ் வரும்வரை பாதிக்கப்பட்டவரைப் படுக்க வைத்து கால்களை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் கால் நீட்டிய நிலையில் சாய்ந்து உட்காரலாம், கர்ப்பிணி என்றால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடவே கூடாது, ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் ரத்த அழுத்தம் நிற்கும்போது மொத்தமாகச் சரிந்து இதயம் நின்றுபோகும் அபாயம் இருக்கிறது. கொஞ்சம் சரியானதும் வீட்டுக்குக் கிளம்பிவிடவும் கூடாது. சில மணி நேரம் கழித்து மருந்து எதுவும் கொடுக்காமலேயே இரண்டாவது அலை வரும் வாய்ப்பு உண்டு, அதற்காகத்தான் மருத்துவமனையில் இருக்க வைக்கிறார்கள்.

எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம். ஒரு பெண்மணிக்கு முதல் கேப்ஸ்யூல் போட்ட அரை மணி நேரத்தில் கழுத்திலும் வயிற்றிலும் தடித்தது. கையில் இருந்த அரிப்பு மாத்திரையைப் போட்டார், அடங்கியது. கோர்ஸை முழுசாக முடிக்க வேண்டும் என்று எங்கோ கேட்டது ஞாபகம் வந்து, இரண்டாவது கேப்ஸ்யூலையும் அரிப்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிட்டார். இந்தமுறை உதடு வீங்கிப் பேச முடியாமல் மருந்தகத்துக்கு வந்து நின்றார். நல்லவேளை, சீக்கிரம் ஊசி போட முடிந்தது, பிழைத்துக்கொண்டார். கோர்ஸை முடிக்கச் சொல்வது உடம்பு தேறியதும் தானாக நிறுத்திவிடுகிறவர்களுக்கான அறிவுரை. மருந்து போட்டுச் சில மணி நேரத்தில் தடித்தவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது, அவர்கள் அடுத்த டோஸைத் தொடக் கூடாது.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம்.

மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைக்குள், பெரும்பாலும் நெஞ்சில் முதுகில் தொடங்கி கை காலுக்குப் பரவுகிற, தட்டையாகவோ லேசாக மேடாகவோ இருக்கும் சின்னப் பொட்டுகள் அமாக்சிசிலின் குடிக்கும் குழந்தைகளிடம் அடிக்கடி பார்க்கிற ஒன்று. நூறில் ஐந்து முதல் பத்துக் குழந்தைகளுக்கு இப்படி வருவதாகச் சொல்வார்கள். இதில் ஐஜிஇக்கு வேலை இல்லை, அதனால் இது அடுத்த டோஸில் திடீரென்று அனாஃபிலாக்சிஸாக மாறும் வகை இல்லை. நிறைய நேரம் மருந்தே காரணமாக இருக்காது. குழந்தையைப் படுக்க வைத்த வைரஸே தோலிலும் அந்தப் பொட்டுகளைக் கொண்டுவந்திருக்கும், மருந்து அந்த நேரத்தில் உள்ளே இருந்ததால் பழி அதன் மேல் விழும். சில நேரம் இரண்டும் சேர்ந்தால்தான் வரும். எப்ஸ்டீன் பார் என்றொரு வைரஸ் உண்டு, தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுவது, நாள்கணக்கில் அசதி என்று படுத்தும். பார்ப்பதற்குப் பாக்டீரியாத் தொண்டைப்புண் மாதிரியே இருப்பதால் அமாக்சிசிலின் எழுதிவிடுவார்கள், கொஞ்ச நாளில் உடம்பெல்லாம் சிவந்துவிடும். அப்படிச் சிவந்தவர்களில் பலர் பிற்பாடு அதே மருந்தை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள்.

இந்த மாதிரி மிதமான பொட்டுகளைப் பார்த்துவிட்டு, காதுத் தொற்று இன்னும் ஆறவில்லை என்றால் அதே மருந்தைத் தொடரச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு, வேறு மருந்துக்கு மாற்றுபவர்களும் உண்டு, ஐந்து நாளே போதும் என்று நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முடிவைத் தோலைப் பார்த்தவர்தான் எடுக்க வேண்டும், அதனால்தான் அடுத்த வேளைக்கு முன்பே பேசச் சொன்னேன்.

பார்க்கும்போது அவர் தேடப்போவது சில அபாய அறிகுறிகளை. அவற்றை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, மிக மிக அரிதானவைதான், இருந்தாலும் வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வாய்க்குள்ளும் உதட்டிலும் புண், கண் சிவந்து எரிவது, சிறுநீர் போகும் இடத்தில் புண், தோலில் கொப்புளம், தொட்டாலே வலிக்கிற தோல், விரலால் தேய்த்தால் மேல்தோல் நகர்ந்து வருவது, கூடவே நல்ல காய்ச்சல், இவை ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற நோயின் அடையாளங்கள். மருந்து தொடங்கிய நான்கு நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் வரும். அமாக்சிசிலினைவிட சல்ஃபா மருந்துகள், சில வலிப்பு மாத்திரைகள், யூரிக் அமிலத்துக்கான அலோப்யூரினால் போன்றவற்றால்தான் இது அதிகம், ஆனாலும் எந்த மருந்தானாலும் அடையாளம் ஒன்றுதான். அரிப்பு என்றால் கொஞ்சம் பொறுக்கலாம், தோல் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் பொறுக்காதீர்கள். இரண்டு முதல் எட்டு வாரம் கழித்து முகம் உப்பி, காய்ச்சல் அடித்து, நெறி கட்டி, கல்லீரலையும் பாதிக்கிற டிரெஸ் என்ற ஒரு வகையும் உண்டு. குழந்தைகளிடம் இன்னொன்று, ஒன்றிரண்டு வாரத்தில் தடிப்போடு காய்ச்சலும் மூட்டு வீக்கமும் சேர்ந்து வந்து, நேற்றுவரை ஓடிய பிள்ளை இன்று பாதத்தைத் தரையில் ஊன்ற மாட்டேன் என்று அழும். இவை எல்லாவற்றிலும் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுபடி அந்த மருந்தை வீட்டில் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. பொட்டின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்த்தும் அது மறையாமல் அப்படியே தெரிகிறது, பிள்ளைக்குக் காய்ச்சலும் இருக்கிறது என்றால் அது மருந்து சம்பந்தப்பட்டதாகவே இல்லாமல் ரத்தத்தில் பரவிய கிருமியாக இருக்கலாம், அதுவும் உடனே பார்க்க வேண்டியது.

பாட்டி விஷயத்துக்கு ஒரே வரி: பெனிசிலின் அலர்ஜி கண் நிறம் மாதிரி பாட்டியிடமிருந்து பேரனுக்கு இறங்குவது இல்லை, அவருக்கு ஆகாது என்பதற்காகப் பேரனுக்கு அதை மறுக்க வேண்டியதில்லை.

வாழ்நாள் முழுக்கக் கூடாதா என்ற கேள்விதான் நான் அதிகம் பேச விரும்புவது. தனக்குப் பெனிசிலின் அலர்ஜி என்று சொல்பவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். அவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்து ஒத்துக்கொள்கிறது. சின்ன வயதில் எப்போதோ வந்த ஒரு பொட்டு, ஒரு வாந்தி, பேதி, அதை அம்மா "அலர்ஜி" என்று சொல்லி வைக்க, அது ஆஸ்பத்திரி சீட்டில் ஏறி, ஐம்பது வயது வரை கூடவே வருகிறது. உண்மையாகவே ஐஜிஇ வகை இருந்தவர்களில்கூட, மருந்தைத் தொடாமல் பத்து வருடம் போனால் ஐந்தில் நான்கு பேருக்கு அது தானாக மறைந்துவிடுகிறது. இதில் என்ன நஷ்டம், வேறு மருந்து கொடுத்தால் போயிற்று என்று தோன்றலாம். நஷ்டம் இருக்கிறது. பெனிசிலின் வகைகள் பல தொற்றுகளுக்குக் குறிபார்த்து அடிக்கும் பழைய, நம்பகமான மருந்துகள். அவற்றை ஒதுக்கினால் அகலமாக எல்லாக் கிருமியையும் வாரி அடிக்கிற மருந்துகளுக்குப் போக வேண்டும், அவற்றால் குடலின் நல்ல கிருமிகள் அழிவதும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதும் கூடுதல். என்றைக்காவது இதய வால்வில் தொற்று, மூளைக்காய்ச்சல் என்று பெரிதாக ஒன்று வந்து நிற்கும்போது, தவறாக ஒட்டிய ஒரு லேபிளால் சிறந்த மருந்து கைநழுவிப் போகும்.

அதனால் பையன் தேறிய பிறகு, சில வாரம் கழித்து, இந்தச் சம்பவத்தைப் பற்றி மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள். மிதமான பொட்டு மட்டுமே வந்த குழந்தைகளுக்கு மருத்துவர் கண்காணிப்பில் ஒரு டோஸ் அமாக்சிசிலின் வாய்வழி கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் பார்ப்பார்கள், பெரும்பாலானவர்கள் இதில் தேறிவிடுகிறார்கள். உடனடி வகை சந்தேகம் இருந்தால் முதலில் தோலில் ஊசிப் பரிசோதனை செய்வார்கள். அந்த ஊசிப் பரிசோதனை ஐஜிஇ வகையைத்தான் காட்டும், ஐந்தாம் நாள் பொட்டுக்கும் கொப்புள நோய்க்கும் அது பதில் சொல்லாது. வீட்டில் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கும் யோசனை வேண்டவே வேண்டாம், அட்ரினலினும் அதைப் போடத் தெரிந்தவரும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் மட்டுமே செய்ய வேண்டிய காரியம் அது.

அதுவரைக்கும் எந்த மருந்துகளில் கவனம் வேண்டும் என்றால், பெயர் "சிலின்" என்று முடிகிறவை எல்லாம் பெரும்பாலும் ஒரே குடும்பம்: ஆம்பிசிலின், கிளாக்சசிலின், பைப்பராசிலின் என்று போகும். மாட்டிக்கொள்வது வணிகப் பெயரில்தான். ஆக்மென்டின் என்ற பெயரில் சிலின் இல்லை, ஆனால் அதற்குள் இருப்பது அமாக்சிசிலினும், அதைக் கிருமிகள் உடைத்துவிடாமல் காக்கிற கிளாவுலானிக் அமிலம் என்ற துணை மருந்தும். பெட்டியின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அதன் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். செஃபலோஸ்போரின் என்ற பக்கத்துக் குடும்பம் பெனிசிலின் ஆகாதவர்களில் மிகச் சிலருக்கே, நூறில் இரண்டு பேர் அளவுக்குத்தான் பிரச்சினை தரும். ஆனால் செஃபலெக்சின், செஃபட்ராக்சில், செஃபக்ளோர் மூன்றின் மூலக்கூறிலும் ஒரு பகுதி (பக்கச் சங்கிலி என்பார்கள்) அமாக்சிசிலினில் உள்ளதைப் போலவே இருக்கும், அமாக்சிசிலினுக்கு உடனே தடித்தவர்கள் இவற்றை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.

அலர்ஜி என்று தவறாக எண்ணப்படும் இன்னொரு கூட்டம் பக்க விளைவுகள். லேசான பேதி, குமட்டல், வயிற்று உப்புசம், வாயில் வெள்ளைப் படலம், பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும், இவை மருந்து குடலிலும் மற்ற இடங்களிலும் உள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்து இடத்தைக் காலி செய்வதால் வருபவை. சங்கடம்தான், அலர்ஜி இல்லை. ஆனால் தண்ணீராகப் பலமுறை போவது, மலத்தில் ரத்தம், வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, காய்ச்சல் என்று வந்தால் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி குடலில் பெருகியிருக்கலாம். மருந்தை முடித்துச் சில வாரம், ஒன்றிரண்டு மாதம் கழித்துக்கூட இது வரும், அப்போது போய் யாருக்கும் பழைய ஆன்டிபயாடிக் ஞாபகம் இருக்காது, நீங்களே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பேதியை நிறுத்தும் மாத்திரையை அப்போது தானாகப் போட்டுவிடாதீர்கள். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்தில் அபூர்வமாக மஞ்சள் காமாலை வரும், அதுவும் கோர்ஸ் முடிந்தபின் வரலாம், வயதான ஆண்களிடம் கொஞ்சம் அதிகம்.

இனி, மருந்தைச் சரியாகக் கொடுப்பது. சிரப்பில்தான் தவறு அதிகம் நடக்கிறது என்பது என் அனுபவம். பொடியாக வரும் பாட்டிலை முதலில் தட்டி, பொடியை உதிர்த்து, கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். சுடு தண்ணீர் ஊற்றினால் மருந்து கெடும். கலக்கிய தேதியைப் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள், ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் இல்லாமல் உள்தட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள். கலக்கியபின் ஏழு நாளா பத்தா பதினான்கா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், லேபிளில் போட்டிருக்கும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள், இல்லையென்றால் மருந்து அடியில் தங்கி முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் கெட்டி மருந்தும் போகும். சமையலறை ஸ்பூன் ஒன்றுக்கொன்று அளவு மாறும், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உள்பக்கமாக மெல்ல விடுங்கள். அப்புறம் மிக முக்கியம், 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் 250 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் இருக்கின்றன. போனமுறை 5 மில்லி கொடுத்தோம், இந்தமுறையும் அதே என்று கொடுத்தால் இரட்டிப்பாகவோ பாதியாகவோ போய்விடும். குழந்தைக்கு அளவு வயதைவிட எடையை வைத்துத்தான், போன வருட எடை இந்த வருடம் இருக்காது.

அமாக்சிசிலினைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எடுக்கலாம், பாலோடும் பிரச்சினை இல்லை. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற வேறு ஆன்டிபயாடிக்குகள்தான் பாலோடு சேரக் கூடாதவை, அந்த விதியை இதற்கும் சிலர் போட்டுக்கொள்கிறார்கள். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்தது மட்டும் சாப்பாடு தொடங்கும்போது எடுத்தால் வயிற்றுக்கு இதமாக இருக்கும். மூன்று வேளை என்றால் ஏன் பகலில் மூன்றையும் நெருக்கிக் கொடுக்கக் கூடாது என்று கேட்பார்கள். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஆகும், சிறுநீரகம் வேகமாக வெளியே தள்ளிவிடும். பாக்டீரியா தன் சுவரைக் கட்டும்போது இது குறுக்கே நின்று சுவரை உடைக்கிறது (நம் செல்களுக்கு அந்தச் சுவரே கிடையாது, அதனால்தான் நமக்கு இவ்வளவு பாதுகாப்பான மருந்தாக இருக்கிறது), எனவே ஒரே நேரத்தில் எவ்வளவு இருந்தது என்பதைவிட எத்தனை மணி நேரம் இருந்தது என்பதுதான் கிருமியைக் கொல்லும். காலை, பிற்பகல், இரவு என்று முடிந்தவரை இடைவெளி விட்டால் போதும், தூங்கும் பிள்ளையை எழுப்ப வேண்டியதில்லை. ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

பெரியவர்கள் இதை எடுக்கும்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை கொஞ்சம் உண்டு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தம் உறையும் நேரம் மாறலாம், மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு அது உடம்பில் தேங்கலாம், அலோப்யூரினால் கூடச் சேர்ந்தால் தோலில் பொட்டு வரும் வாய்ப்பு கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவர் சொன்னால் பயமில்லாமல் எடுக்கிற ஆன்டிபயாடிக்குகளில் இது ஒன்று.

சளி, சாதாரண இருமல், ஃபுளூ இவற்றுக்கு இது எதுவும் செய்யாது, வைரஸுக்கு உடைப்பதற்குச் சுவரே இல்லை. அதனால் மிச்சம் வைத்த மாத்திரையை அடுத்த சளிக்கு எடுப்பது, தம்பிக்குக் கொடுத்ததை அக்காவுக்கும் பாதி கொடுப்பது எல்லாம் பலன் இல்லாமல் அலர்ஜி வாய்ப்பை மட்டும் வாங்கிக்கொள்வது. பெனிசிலினை 1928இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கியபோது ஆற்றிய உரையிலேயே, அளவு குறைவாக எடுத்தால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அமாக்சிசிலின் புழக்கத்துக்கு வந்த 1972க்கு வெகுகாலம் முன்பே சொன்னது அது.

கடைசியாக, மருத்துவரைப் பார்க்கப் போகும்முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: மருந்தின் பெயரும் அளவும், முதல் டோஸ் கொடுத்த நாள், பொட்டு வந்தது எத்தனையாவது நாள், கடைசி டோஸுக்குப் பின் எவ்வளவு நேரம் கழித்து, எங்கே தொடங்கியது, அரிப்பா வலியா, ஒரு பொட்டு ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தது, வாயும் கண்ணும் எப்படி இருக்கின்றன, காய்ச்சல் உண்டா, வேறு என்ன மருந்து அந்த வாரம் கொடுத்தீர்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் போட்டோக்களோடு வைத்திருங்கள். பத்து வருடம் கழித்து யாராவது "பெனிசிலின் ஆகுமா" என்று அவனைக் கேட்கும்போது "அலர்ஜி" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக அவனிடம் காட்டுவதற்கு அது இருக்கும்.

இன்னும் சில நாளில் பொட்டுகள் மங்கிப் பழுப்பு நிறமாகி, அங்கங்கே தோல் மெல்லிய தவிடு போல உதிரலாம். வலி இல்லாமல், கொப்புளம் இல்லாமல் அப்படி உதிர்ந்தால் அது ஆறுகிற தோல், பயப்படாதீர்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று முடிந்தால் எழுதுங்கள், பையன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.